துளை போட்ட பிரையர் கட்டை: முதல் பைப் செதுக்க வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டை அருமை, துளை அதைவிட அருமை, ஸ்டெம் (வாயில் வைத்து இழுக்கும் குழாய்) சுமார், கூட வரும் மற்ற சாமான்கள் தண்டம். முதல் முறை பைப் செதுக்குபவர் இதை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம்.

நான் சொல்வது வீட்டிலேயே புகையிலை பைப் செதுக்குவதற்கென்று விற்கும் கிட் பற்றி. பெட்டியைத் திறந்தால் கைக்குள் அடங்கும் அளவில், நான்கு பக்கமும் சதுரமாக அறுத்த ஒரு பிரையர் மரக்கட்டை. மேலே புகையிலை நிரப்பும் குழி ஏற்கெனவே குடைந்திருக்கும். பக்கவாட்டில் காற்றுத் துளை போட்டு, அதில் கறுப்பு ஸ்டெம்மும் செருகியிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு புகையிலை அடைத்துப் பற்றவைத்தாலும் புகை வரும், பார்க்கத்தான் பைப்பாக இருக்காது. இவை தவிர இரண்டு துண்டு உப்புத்தாள், ஒரு குட்டி டப்பாவில் மெழுகு, படம் போட்ட ஒரு காகிதம்.

நான் புகைப்பவள் இல்லை. கரண்டி, சீப்பு, பொம்மை என்று எதையாவது செதுக்கிக்கொண்டிருப்பவள். பைப் பிடிப்பது சித்தப்பா. விடச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் ஓய்ந்துபோனோம். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு விட்டுவிடுகிறேன், அதனால் ஒன்றும் ஆகாது என்பது அவர் கட்சி. வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் அந்த நியாயமெல்லாம் தெரியாது. பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பித்துவிட வேண்டாம். செதுக்கி அலமாரியில் வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். "ஏம்மா, ஊருக்கெல்லாம் கரண்டி செதுக்கிக் கொடுக்கிறியே, எனக்கு ஒரு பைப் செதுக்கித் தரக் கூடாதா?" என்று அவர் கேட்டார், நானும் கிட்டை வரவழைத்தேன்.

முதலில் துளை. கொடுக்கும் காசு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பைப்பில் வெளியே தெரிவது மரத்தின் வடிவம். ஆனால் புகை நன்றாக வருமா வராதா என்பதை உள்ளே இரண்டு துளைகள் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் தீர்மானிக்கிறது. மேலிருந்து இறங்கும் குழி சாதாரணமாக 19, 20 மில்லிமீட்டர் அகலம், 35 முதல் 45 மில்லிமீட்டர் ஆழம். பக்கத்திலிருந்து வரும் காற்றுத் துளையின் விட்டம் 4 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்னத் துளை, குழியின் அடிமட்டத்தில், சரியாக நடுவில் வாய் திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே திறந்தால் அதற்குக் கீழே கிடக்கும் புகையிலை எரியாமல் ஈரம் கோத்துச் சொதசொதவென்று தங்கிவிடும். பக்கவாட்டில் விலகினால் ஒரு பக்கம் மட்டும் எரிந்து இறங்கும், மறுபக்கம் பச்சையாகவே நிற்கும், அடிக்கடி தீக்குச்சி கிழிக்க வேண்டியிருக்கும். கடைசல் இயந்திரமோ, நிலையாக நிறுத்தித் துளைக்கும் டிரில்லோ இல்லாமல் கையில் பிடித்துத் துளைப்பவருக்கு இது அமைவது அபூர்வம். கட்டையின் ஒரு முகத்திலிருந்து உள்ளே விடும் டிரில் பிட் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைப் போய்த் தொட வேண்டும். நடுவே மர ரேகை குறுக்கிட்டால் மெல்லிய பிட் தானாகவே வளைந்துவிடும்.

இந்தக் கிட்டில் அந்த வேலை சுத்தமாக இருக்கிறது. வந்ததும் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஸ்டெம்மை மாட்டியபடியே அதன் நுனி வழியாகப் பைப் கிளீனர் கம்பியை உள்ளே தள்ளுங்கள். எங்கும் முட்டாமல் போய்க் குழியின் அடியில் தலைகாட்ட வேண்டும். எனக்கு வந்த கட்டையில் ஒரே தள்ளில் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளை வாய் அடிமட்டத்தோடு ஒட்டி, பிசகாமல் நடுவில் இருந்தது. இந்தச் சோதனையில் தவறினால் அரத்தை எடுக்காதீர்கள், பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். செதுக்க ஆரம்பித்த கட்டையை எந்த விற்பனையாளரும் திரும்ப வாங்கமாட்டார்.

குறை என்று சொன்னால், ஸ்டெம்மின் முளை போய் உட்காரும் அகலத் துளையை முளையின் நீளத்துக்கு மேல் சற்று ஆழமாகவே குடைந்திருக்கிறார்கள். முளை நுனிக்கும் துளை முடிவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை மாதிரி இடம் விழுகிறது. புகையில் வரும் ஈரம் அங்கே போய்க் குளிர்ந்து தேங்கும், இழுக்கும்போது களகளவென்று சத்தம் வரும். கழுத்தின், அதாவது ஸ்டெம் செருகும் பக்கத்தின், முனையை அராவி இடைவெளியைக் குறைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஸ்டெம்மும் மரமும் சேரும் அந்த முகம் இயந்திரத்தில் நேராகச் சீவியது. கையால் தொட்டால் ஒரு பக்கம் சாயும், பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இணைப்பில் கீற்றாக ஒளி தெரியும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒளி தெரியும் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து மரம். பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் அடியில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் திரளும் கட்டை. இத்தாலி, கோர்சிகா, கிரீஸ், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளில் வளர்வது. காட்டுத்தீயில் மேல்செடி கருகிப்போனாலும் இந்தக் கட்டையிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும். பைப்புக்குள் நெருப்பு எரிந்தாலும் தாக்குப்பிடிக்கும் மரம் என்று இதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. தோண்டி எடுத்து, ஈரம் காயாமல் பாதுகாத்து, துண்டு போட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து உள்ளிருக்கும் கசப்புச் சாற்றை இறக்கி, பிறகு மாதக்கணக்கில், நல்ல பட்டறைகளில் வருஷக்கணக்கில், ஆறப்போடுவார்கள். பிரான்சில் ஜூரா மலைப்பகுதியிலுள்ள செயின்ட் குளோத் என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த மரத்தில் பைப் செய்தே பேர் வாங்கியது.

கரண்டி செதுக்கிப் பழகிய கைக்கு இந்த மரம் ஒரு அதிர்ச்சி. கத்தி ஏறாது. கிட்டில் வந்த காகிதத்தில் ஒருவர் மடியில் வைத்துக் கத்தியால் சீவுவதுபோல் படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படம் வரைந்தவர் பிரையரைத் தொட்டிருக்கமாட்டார். ரேகை ஒரே திசையில் ஓடாமல் முறுக்கிக்கொண்டு போவதால் கத்தி ஓரிடத்தில் வழுக்கும், அடுத்த இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். இதற்கு ரம்பமும் அரமும்தான். மூலைகளைச் சின்ன ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, முரட்டு மர அரத்தில் ஆரம்பித்து, மட்ட அரத்துக்கு இறங்கி, உப்புத்தாளில் முடிக்க வேண்டும். கட்டையைத் துணி சுற்றி வைஸில் பிடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். தூள் செம்பழுப்பாக, மாவு மாதிரி நைஸாகக் கொட்டும், மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் உட்காராதீர்கள்.

செதுக்க ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, உள்ளே இருக்கும் துளைகளை வெளியே வரைந்துகொள்வது. உண்மையில் விற்பவரே குழியின் ஆழத்தையும் காற்றுத் துளை போகும் உயரத்தையும் அளவோடு ஒரு படமாகப் போட்டுத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. பில்லியர்ட், ஆப்பிள், புல்டாக் என்று வடிவங்களின் படத்தைத்தான் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். குச்சியை உள்ளே விட்டு ஆழம் அளந்து, கட்டையின் இரு பக்கத்திலும் பென்சிலால் குழியையும் துளையையும் வரைந்தேன். அதற்கு வெளியே சுற்றிலும் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இன்னொரு கோடு. அந்தக் கோட்டுக்குள் அரம் போகக் கூடாது. சுவர் அதைவிட மெலிந்தால் கிண்ணம், அதாவது குழியைச் சுற்றிய பகுதி, கையில் பிடிக்க முடியாமல் சுடும், நாளடைவில் உள்ளிருந்து கருகி ஓட்டையும் விழலாம். குழிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், நெருப்பு கடைசியாகப் போய் நிற்பது அங்கேதான்.

இந்த இரண்டாவது கோட்டை வரைந்ததுமே தெரிந்துவிடும், காகிதத்தில் இருக்கும் எல்லா வடிவமும் இந்தக் கட்டையிலிருந்து வராது என்பது. துளை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் உடம்பு அமைய வேண்டும். நேரான கழுத்தும் உருண்டையான கிண்ணமும் உள்ள ஆப்பிள், நேர்ச்சுவர் கிண்ணமுள்ள பில்லியர்ட், அடி தட்டையாக மேசைமேல் நிற்கும் போக்கர் ஆகியவை சுலபமாக வரும். இடுப்பில் கூர்மையான விளிம்பு சுற்றி ஓடும் புல்டாக்கை முதல் பைப்புக்குத் தொடாதீர்கள். அந்த விளிம்பு அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் கண்ணில் குத்தும். நான் எடுத்தது ஆப்பிள். உருண்டையில் ஏற்ற இறக்கத்தை உள்ளங்கையே காட்டிக்கொடுக்கும், கண்ணை மூடித் தடவினால் மேடு எங்கே என்று தெரிந்துவிடும்.

பாதி வேலையில் கட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், அதற்காகவே இந்த மரத்தில் மெனக்கெடலாம். காய்ந்திருக்கும்போது ஒன்றுமில்லாத பழுப்பு. நனைந்ததும் முன்னும் பின்னும் தீச்சுவாலை மேலேறுவதுபோல் கோடுகள் எழும், பக்கங்களில் அதே கோடுகளின் வெட்டுமுகம் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். பைப்காரர்கள் அதைப் பறவைக்கண் என்பார்கள். தண்ணீர் காய்ந்ததும் எல்லாம் மறைந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் இடது பக்கத்தில் ஒரு குழிவு வெளிப்பட்டது. கடுகளவு ஓட்டை, உள்ளே மண் நிறத்தில் ஏதோ. பிரையர் மண்ணுக்குள் வளரும்போது சின்னக் கல்லையும் மணலையும் விழுங்கிக்கொண்டு வளரும், அந்தத் தழும்பு இது. வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அதனால் இதற்காக விற்பவரைக் குறை சொல்லமாட்டேன். விலை உயர்ந்த பைப்புகள் விலை உயர்ந்ததாக இருப்பதற்கே இத்தகைய குழிவு இல்லாத கட்டை அரிதாகக் கிடைப்பதும் ஒரு காரணம். மரத்தூளோடு பசை கலந்து அடைக்கலாம். ஆனால் சாயம் பூசினால் அடைத்த இடம் வேறு நிறத்தில் பல்லை இளிக்கும். நான் அந்தப் பக்கம் முழுவதையும் சிறு உளியால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டேன். கம்பெனிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு என்று வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கிறது. சித்தப்பா பெருவிரலை வைப்பதும் அங்கேதான்.

உப்புத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டில் இருப்பது ஒரு முரடு, ஒரு நடுத்தரம். அதை வைத்து முடித்தால் பைப் மேல் கீறலாகத்தான் இருக்கும். 120, 220, 320, 400, 600 என்று எண் ஏற ஏற நைஸாகும் தாள்களைப் படிப்படியாகப் போட வேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தின தாளின் கோடு கடைசிவரை போகாது. ஒவ்வொரு தாளுக்கும் பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் அமுங்கிக் கிடக்கும் நார் எழுந்து நிற்கும், அடுத்த தாள் அதை வெட்டிவிடும். இன்னொன்று, கழுத்துப் பக்கம் தேய்க்கும்போது ஸ்டெம்மைக் கழற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்தே தேய்த்தால்தான் இணைப்பு நகத்துக்குத் தட்டுப்படாமல் வரும். கழற்றித் தேய்த்தால் மரத்தின் விளிம்பு மழுங்கி, இணைப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும்.

ஸ்டெம் அச்சில் வார்த்தது. இரண்டு பக்கமும் வார்ப்புக் கோடு அப்படியே இருக்கிறது, பல்லில் கடிக்கும் நுனி தடிமன். அராவும்போது கந்தக வாடை வந்தது, ஆகவே எபோனைட். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ரப்பர் அது. பல்லுக்கு மென்மையாக இருக்கும், ஆனால் வெயிலும் வெளிச்சமும் பட்டால் நாளடைவில் பச்சையும் பழுப்புமாக நிறம் மங்கும். அக்ரிலிக் மங்காது, கடிக்கக் கல் மாதிரி இருக்கும். எதை விரும்புவது என்பது அவரவர் பல்லைப் பொறுத்தது. கடிக்கும் நுனியை 4 மில்லிமீட்டர் கனத்துக்கு இறக்கினேன், உள்ளே காற்றுவழி இருப்பதால் அதற்கும் கீழே போகத் துணியவில்லை. சித்தப்பாவுக்கு லேசான வளைவு வேண்டும் என்றார். எபோனைட் கொதிக்கும் தண்ணீரில் இளகிக்கொடுக்கும். உள்ளே பைப் கிளீனர் கம்பியை விட்டபடி முக்கி எடுத்து வளைத்து, குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் அப்படியே நிற்கும். கம்பி இல்லாமல் வளைத்தால் காற்றுவழி நெளிந்து அடைபடும். தண்ணீரில் முக்கியதில் மேற்பரப்பு பழுப்பேறும், நீர் தொட்டு நைஸ் தாளில் தேய்த்தால் கறுப்பு திரும்பிவிடும்.

சாயம் கிட்டில் இல்லை, அதுவும் நல்லதற்குத்தான். தோலுக்குப் போடும் ஸ்பிரிட் சாயம் போதும். முதலில் கறுப்பைப் பூசி, காய்ந்ததும் நைஸ் தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். ரேகையின் மென்மையான பகுதி கறுப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும், கெட்டியான பகுதி வெளுத்துவிடும். அதன்மேல் இளஞ்சிவப்பான பழுப்பு பூசினால், நனைத்தபோது தெரிந்து மறைந்த அந்தக் கோடுகளெல்லாம் நிரந்தரமாகத் தங்கிவிடும். புகையிலைக் குழிக்குள் ஒரு சொட்டுச் சாயமும் போகக் கூடாது. குழியின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

மெழுகு டப்பாவை நான் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். பூட் பாலிஷ் வாடை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. சூடேறி மூக்குக்குக் கீழே இருக்கப்போகும் பொருளில் பேர் தெரியாததை ஏன் பூச வேண்டும்? பைப்புக்கு வழக்கமானது கார்னோபா, பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே இளகிவிடும், சூடான கிண்ணத்தில் பிசுபிசுக்கும். வார்னிஷ் மட்டும் கூடவே கூடாது, சூட்டில் கொப்புளம் கிளம்பும்.

கட்டையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கும் ஏதாவது மரத்தில் முயன்றால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செர்ரி, பேரி, ஆலிவ் மரங்களில் பைப் செய்கிறார்கள், பிரையர் அளவுக்கு உழைக்காது, அவ்வளவுதான். ஆனால் அரளியும், யூ என்ற ஊசியிலை மரமும் நச்சு மரங்கள், அவற்றின் பக்கமே போகாதீர்கள். பைன் மாதிரிப் பிசின் உள்ளது, பிளைவுட், பெயின்ட் அடித்தது, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றியது எதுவும் ஆகாது.

புதுப் பைப்பை முதல் நாளே நிரப்பி இழுத்துவிடக் கூடாது என்பதைச் சித்தப்பாவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பாதிக் குழி மட்டும் போட்டு, மெதுவாக, நடுநடுவே அணையவிட்டு, உள்சுவரில் கரி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் படியும்வரை பொறுமை காத்தார். அந்தக் கரிதான் இனி மரத்துக்குக் கவசம். அதற்குமேல் தடித்தால் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் கரி விரிந்து மரத்தையே பிளந்துவிடும்.

"இழுவை நல்லா இருக்கும்மா. சூடும் ஏறலை. கடைசியில கொஞ்சம் களகளங்குது."

"அது உங்க பைப் இல்ல சித்தப்பா, துளை அப்படி."

"கம்பி விட்டு எடுத்தா போச்சு," என்றார். அவர் கையிலிருக்கும் கம்பெனி பைப் ஒன்றும் அப்படித்தானாம்.

புகைக்க ஒரு பைப் வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை, தயாராக விற்பதே மலிவு. செதுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இதே விற்பனையாளரிடம் கட்டையும் ஸ்டெம்மும் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிவிட்டு மிச்சப்பட்ட காசில் நல்ல மட்ட அரம் ஒன்றும் உப்புத்தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். வளைந்த பைப்புக்கென்று சாய்வாகத் துளை போட்ட கட்டையும் வைத்திருக்கிறார்கள். கழுத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே உள்மடிப்பில் அரம் நுழைய இடமில்லாமல் திண்டாட வேண்டியிருக்கும், அது இரண்டாவது பைப்புக்கு.